கைகட்டியின் மூன்றாவது மாதம்

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள், வருகிறவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதுதான் வழக்கம். கைகட்டியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்ததும், "முதல்ல நீங்க உக்காருங்க" என்பாள். பிறகு கேள்விகள் அவளிடமிருந்துதான் கிளம்பும். காஸ் வால்வு எங்கே, மெயின் சுவிட்சு எங்கே, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது, பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிள்ளை கடைசியாகப் பொய் சொன்னது எப்போது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள். பதில் தெரியாமல் திருதிருவென்று முழிக்கிற பெற்றோரை அவள் ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், மூன்றாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்றது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

"புள்ளைய என்கிட்ட விடறதுக்கு நீங்க பயப்படறீங்க. சரி. உங்ககிட்டேருந்து வாங்கிக்க நான் பயப்பட வேணாமா?" என்பாள்.

அனுபவம் எத்தனை வருஷம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி ஆகிவிடும். "எட்டு வயசுலேருந்து. நாலு தம்பிங்களைத் தூக்கி வளத்தவ நான். இதுக்கு மேல சர்டிபிகேட் வேணும்னா என் இடுப்பைத்தான் எக்ஸ்ரே எடுத்துக் காட்டணும்."

கைகட்டி என்பது அம்மாக்கள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே 'கைகட்டி அக்கா' ஆனது. அவள் வேலை செய்கிற விதம் அப்படி. எந்த வீட்டிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்க மாட்டாள். முதல் மாதம் பிள்ளையோடு பிள்ளையாக எல்லாவற்றையும் செய்வாள்: பூட்டு, அடுப்பு, குழாய், கத்தி, டெலிபோன். இரண்டாம் மாதம் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்துவிடுவாள். பால் பொங்கட்டும், தட்டு உடையட்டும், பிள்ளை தரையில் புரண்டு அழட்டும், எழுந்திருக்க மாட்டாள். தீ, ரத்தம், வேற்று ஆளின் குரல், இந்த மூன்றுக்கு மட்டும்தான் எழுந்திருப்பாள். மூன்றாம் மாதம் நாற்காலி மாடிப்படிக்குப் போய்விடும். அவள் வெளியே, பிள்ளை உள்ளே. அதன் பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

"சும்மா உக்கார்றதுக்கா உங்களைக் கூப்பிட்டோம்?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

"சும்மா உக்காந்து பாருங்களேன் ஒரு மணி நேரம். உங்க புள்ள முட்டைய உடைக்கத் தெரியாம ஓட்டோட சட்டியில போடும்போது எழுந்திருக்காம உக்காந்து பாருங்க. அப்புறம் பேசலாம்" என்பாள்.

அது உண்மை. அவளுடைய கைகள் சொன்னபடி கேட்கிற கைகள் அல்ல. பிள்ளையின் மூக்கு ஒழுகினால் போதும், தாமாகவே முந்தானையைத் தேடும். அவற்றைக் கட்டிப் போடாவிட்டால் வேலை கெட்டுவிடும் என்றுதான் கட்டிக்கொள்வாள். சில நாள் வீட்டுக்குத் திரும்பும்போது முழங்கைக்கு மேலே அவளுடைய விரல் பதிந்த தடம் சிவப்பாக இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற பெண் ஒருத்தி அவளைக் கூப்பிட்டனுப்பியது ஆண்டுப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. புருஷன் லாரிக்காரர், தொலைதூர லோடு. வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் பெரிது. பிள்ளைகள் இரண்டு. மூத்தது பதினோரு வயதுப் பெண், எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இளையது ஆறு வயதுப் பையன். அவன் இருக்கிற அறையில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. அவனைப் புயல் என்று கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அம்மாக்காரியின் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு. முடியாது என்றால் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று மணிக்கே வந்துவிடும். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் தையல் கடை வைத்திருந்த நாத்தனார், இதைக் கேள்விப்பட்ட மறுநாளே வந்து இறங்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு அத்தை. லாரிக்காரருக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா இல்லாத தம்பியை அம்மாவாக நின்று வளர்த்தவள். அவள் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

"பரீட்சை முடியிற வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லேன்னா ஒண்ணு நீ வேலைய விடு, இல்ல புள்ளைங்க ரெண்டையும் என் வீட்டுக்கு அனுப்பு. அங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன். பூட்டின வீட்டுல புள்ளைங்களைப் போட்டுட்டுப் போறதெல்லாம் நம்ம வீட்டுல நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கைகட்டிக்கு முன்னால் மூன்று பேரைப் பார்த்தாளாம் அம்மாக்காரி. ஒருத்தி கல்லூரி மாணவி, கேள்வி கேட்கும்போதுகூட ஒரு காதிலிருந்து இயர்போனை எடுக்கவில்லை. இன்னொருத்தி ரிடையர் ஆன டீச்சர், பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். மூன்றாமவள் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை, டிவி எத்தனை இஞ்ச் என்று கேட்டாள்.

"நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்று கைகட்டியிடம் கேட்டாள் அம்மாக்காரி.

"மூணு மாசம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரும் தேவைப்படாது."

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். வேலையும் போகாது, பிள்ளைகளும் போகாது, வருகிறவள் போகிறவளுக்கெல்லாம் வீட்டைத் திறந்துவிட வேண்டியதும் இல்லை. "பெரியவ தேறிட்டா போதுங்க்கா. சின்னவனை அவ பாத்துப்பா" என்றாள். கைகட்டி தலையாட்டினாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அக்கா என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். அவள் பார்த்துக்கொள்ளவில்லையா?

முதல் மாதம் நன்றாகவே போயிற்று. வக்கீல் கற்பூரம், சொன்னவுடன் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஏன் என்று கேட்காமல் எதையும் செய்ய மாட்டாள். காஸை முதலில் ஏன் மூட வேண்டும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது, கதவுக்கு வெளியே நிற்பவன் போலீஸ் என்று சொன்னால் ஏன் நம்பக் கூடாது. பதில் சரியாக இருந்தால்தான் நகருவாள். கைகட்டிக்கு வாய் வலித்தது, மனசு குளிர்ந்தது.

இரண்டாம் மாதம் நாற்காலி கதவோரம் வந்தது. அன்றைக்கே வக்கீல் ஒரு காகிதத்தில் நோட்டீஸ் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: 'பெரியவர்கள் கை கட்டி உட்கார்ந்திருப்பது குற்றம். இப்படிக்கு, பாதிக்கப்பட்டோர்.' கீழே புயல் ஒரு பூதத்தின் படம் வரைந்திருந்தான், அந்தப் பூதத்துக்குக் கை இல்லை. கைகட்டி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது நாள் முட்டை கருகிற்று. வீடு முழுக்கப் புகை. வக்கீல் இருமிக்கொண்டே, "பெரியம்மா, எந்திரிங்க!" என்று கத்தினாள்.

"தீயா?"

"இல்ல. புகை."

"புகைன்னா என்ன பண்ணணும்?"

ஒரு நிமிஷம் முறைத்தாள். அப்புறம் அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், சட்டியை ஈரத்துணியால் பிடித்துத் தொட்டியில் வைத்தாள். திரும்பி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உங்களால எந்த உபயோகமும் இல்ல பெரியம்மா" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டைக் கைகட்டி அந்த வருஷம் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் கைகட்டி மாடிப்படியில் இருந்தாள். ஒரு நாள் மேலே ஏறி வந்த ஆள் ஒருவன் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உங்க அம்மா அனுப்பினாங்க, தண்ணி மிஷின் பாக்கணும் என்றான். கைகட்டி பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து வக்கீலின் குரல் வந்தது: "அம்மா குளிக்கிறாங்க. உங்க பேரும் போன் நம்பரும் சத்தமா சொல்லுங்க, எழுதிக்கிறேன்." அவன் பெயரைச் சொல்லாமலே படியிறங்கிப் போய்விட்டான். கைகட்டி மறுபடி உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்து, தனக்குத் தானே ஒரு தடவை கை தட்டிக்கொண்டாள்.

பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்க நாள்கூடப் பார்த்துவிட்டாள். அந்த வாரம்தான் அது நடந்தது.

சாயங்காலம் ஐந்து மணி. படியில் உட்கார்ந்து முருங்கைக்காய் மாதிரி நீண்டுகிடந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் புயலின் அழுகை கேட்டது. விழுந்து அழுகிற அழுகை இல்லை, பயந்து அழுகிற அழுகை. தீ இல்லை, ரத்தம் இல்லை, வேற்றுக் குரலும் இல்லை. உட்கார்ந்தே இருந்தாள். அழுகை நிற்கவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் சாவியைப் போட்டுத் திறந்தாள்.

பையன் துணி அலமாரியின் உச்சியில் இருந்தான். கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் ஏறி அங்கே போயிருக்கிறான். ஏறும்போது உதைத்ததில் நாற்காலி கீழே விழுந்துவிட்டது. இறங்க வழியில்லாமல் அலறிக்கொண்டிருந்தான். எதிரே, அறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வக்கீல் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, கால் மேல் கால் போடாமல், இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"நீயாத்தானே ஏறின? நீயாவே இறங்கு. யோசி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைகட்டி கண்ணாடியில் தன்னைப் பார்த்தமாதிரி ஒரு நொடி மலைத்துப் போனாள். அந்த ஒரு நொடியில் பையன் குதித்துவிட்டான். கட்டிலில்தான் குதித்தான், ஆனால் மோவாய் கட்டில் சட்டத்தில் இடித்தது. ரத்தம் வந்தது.

ரத்தத்தைப் பார்த்ததும் வக்கீல் முக்காலியை விட்டுப் பறந்தாள். சுத்தமான துணியை எடுத்தாள், மோவாயில் அழுத்திப் பிடித்தாள், "அழாதடா, வாயைத் திற, பல்லு அசையுதா?" என்று கேட்டாள், அம்மாவுக்குப் போன் போட்டாள். பெரியவர்கள்கூட இவ்வளவு நிதானமாகச் செய்ய மாட்டார்கள். ஆட்டோவில் போகும்போது முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த கைகட்டியைப் பார்த்து, "ரத்தம் வந்ததும் எழுந்துட்டேனே பெரியம்மா. சரியாத்தானே செஞ்சேன்?" என்று கேட்டாள்.

கைகட்டி பையனை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். மூன்று தையல் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்துவிட்டாள். கையில் இரண்டு பெரிய காலிப் பை இருந்தது. பிள்ளைகளின் துணிமணியை எடுத்துப்போகக் கொண்டுவந்தது என்பது பார்த்தவுடனே எல்லோருக்கும் தெரிந்தது. அம்மாக்காரி லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்தாள். கைகட்டியையும் வரச் சொல்லியிருந்தார்கள். புயல் மோவாயில் பிளாஸ்திரியோடு தரையில் உட்கார்ந்து, என்ன நடக்கப்போகிறது என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை முதலில் கைகட்டியிடம் வந்தாள். "நீங்கதானா அது? வயசுல பெரியவங்கன்னு பாக்கறேன். புள்ளைங்களுக்கு நல்லது சொல்லிக்குடுங்கன்னா, கல்லு மாதிரி உக்காரச் சொல்லிக்குடுத்திருக்கீங்க."

"தப்பு என்னுதுதான்" என்றாள் கைகட்டி. அவள் தப்பை ஒத்துக்கொண்டதை அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

அத்தை அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, பெண்ணின் பக்கம் திரும்பினாள். "ஏன்டீ, தம்பி உச்சியில நின்னு கத்தறான், நீ கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கற! பொம்பளப் புள்ளயா நீ? ஒத்தத் தம்பியப் பாத்துக்கத் துப்பில்ல!"

அம்மாக்காரியும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு வேலை போகிற பயம், பிள்ளைகள் போகிற பயம், இரண்டும் சேர்ந்து குரலாக வந்தது. "உன்னை நம்பித்தானேடி விட்டேன். நீ தேறிட்டேன்னு நம்பித்தானே அண்ணிகிட்ட அவ்வளவு பேசினேன்."

கைகட்டி குறுக்கே புகுந்தாள். இன்னும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. "இன்னும் ஒரு மாசம் குடுங்க. இவளுக்குத் தம்பியைப் பாத்துக்கிறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன். அதை மட்டும் விட்டுட்டேன். மத்தது எல்லாத்துலயும் இவ பத்துக்குப் பத்து."

"வேணாம்" என்றாள் வக்கீல்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அழுகையை விழுங்கியதில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"என்ன வேணாம்?"

"தம்பியைப் பாத்துக்கக் கத்துக்க மாட்டேன். எனக்கு வீட்டுல தனியா இருக்கத் தெரியும். கதவு, காஸ், கரண்டு, எல்லாம் தெரியும். பயமும் இல்ல. ஆனா நான் இவனுக்கு ஆயா இல்ல."

"பாத்தியா, பேச்சைப் பாத்தியா!" என்றாள் அத்தை.

"அம்மா, நீங்க பெரியம்மாவைச் சேக்கறதுக்கு முன்னாடி மூணு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேள்வி கேட்டீங்க. பெரியம்மாகிட்டயும் கேட்டீங்க, வர முடியுமா, எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும்னு. என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? நான் எப்பம்மா இந்த வேலைக்குச் சேந்தேன்?"

அம்மாக்காரி குனிந்து புயலின் பிளாஸ்திரியைச் சரிசெய்தாள்.

"எனக்கு இவனைப் பிடிக்கும். கதை சொல்லுவேன், விளையாடுவேன். ஆனா இவன் அலமாரி மேல ஏறாம பாத்துக்கிறது என் வேலை இல்ல. நான் ஸ்கூல்லேருந்து வந்து படிக்கணும். அன்னைக்கு இவன் ஏறினப்ப நான் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். பாதியில எழுந்து வந்தேன். தினமும் பாதியிலதான் எழுந்து வர்றேன்."

கைகட்டிக்கு அந்தக் கடைசி வாக்கியம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. எட்டு வயதில் அவளும் ஒரு சிலேட்டுப் பலகையில் பாதி எழுதி வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். தொட்டிலில் முதல் தம்பி அழுதான். போய்த் தூக்கினாள். அவனை இறக்கிவிட்டபோது அடுத்தவன் வந்திருந்தான். அந்தப் பலகையில் மீதியை யாரும் எழுதவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக அதைத் தன் அனுபவம் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத, ரொம்பக் காலம் தாமதமாக வந்த கோபம். கை தானாகக் கட்டிக்கொள்ளப் பார்த்தது. அவள் விடவில்லை.

"அவ சொல்றது சரி" என்றாள்.

"என்னங்க சரி?" அத்தை சீறினாள்.

"தனியா இருக்கிறது வேற, இன்னொருத்தரைப் பாத்துக்கிறது வேற. நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். இத்தனை வருஷம் இதே வேலையில இருந்தும் நெனச்சுட்டேன், வெக்கமா இருக்கு. இவளைத் தாராளமா தனியா விடலாம், நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா சின்னவனுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இவ இல்ல."

"அக்கான்னு எதுக்கு இருக்கா அப்புறம்? நானும்தான் ஒன்பது வயசுல இவ அப்பனை இடுப்புல தூக்கினேன். துணி துவைச்சேன், சோறூட்டினேன், காய்ச்சல் வந்தா விடிய விடிய முழிச்சிருந்தேன். என்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலையா அத்தை?" என்றாள் வக்கீல்.

"கேக்கல!"

"நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"யார்கிட்டடி சொல்றது? யார் இருந்தா கேக்கறதுக்கு?" அத்தையின் குரல் உயர்ந்து நடுவில் உடைந்தது. உடைந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், சட்டென்று வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். புயல் எழுந்து போய் அத்தையின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பார்க்காமலே அவன் தலையில் கையை வைத்தாள்.

அம்மாக்காரிதான் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். மூன்று மாதம் முழுக்கப் பயந்து பயந்து பேசியவள், இப்போது வேறு வழியில்லாததால் நேராகக் கேட்டுவிட்டாள். "அண்ணி, நான் வேலைய விட மாட்டேன். புள்ளைங்களையும் அனுப்ப மாட்டேன். ரெண்டும் முடியாது. பெரியவ சொல்றதும் நியாயம்தான். நீங்க வேணும்னா இங்கயே வந்து இருந்துடுங்களேன். சாயங்காலம் சின்னவனை மட்டும் பாத்துக்குங்க. உங்க கடையை இங்க வெச்சுக்கலாம்."

அத்தை திரும்பினாள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது கைகட்டிக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்த 'சரி' எப்படித் தொண்டைக்குள்ளிருந்து தானாகக் கிளம்பி வரும் என்பது அவளுக்கும் பழக்கம். இத்தனை வயதுவரை அந்த அம்மாள் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கண் வக்கீலின் மேல் போயிற்று.

"மாட்டேன்" என்றாள் அத்தை.

அம்மாக்காரி தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்த்தாள்.

"மாட்டேன்மா. நான் ஒரு பையனை வளத்து முடிச்சுட்டேன். என் கடை அங்க இருக்கு, என்கிட்ட நாலு பொண்ணுங்க வேலை செய்றாங்க, எனக்குப் புடிச்சிருக்கு அது." சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்கினாள், மாடி ஏறி வந்த மாதிரி. பிறகு கொண்டுவந்த காலிப் பைகள் இரண்டையும் மடித்துக் கைப்பையில் திணித்தாள். "போன் எங்க?"

"யாருக்கு அண்ணி?"

"இவனோட அப்பனுக்கு. அவன் எங்க இருக்கான் இப்ப?"

"லோடு ஏத்திக்கிட்டு இருப்பார்."

"ஏத்தட்டும்."

போனை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாடிப்படியிலிருந்து கதவோரம் திரும்பி வந்திருந்த, கைகட்டி உட்கார்ந்த நாற்காலி அது. மணி அடித்தது, தம்பிக்காரன் எடுத்தான். அந்தப் பக்கம் லாரி இஞ்சின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"டேய், நான்தான். ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லா இருக்காங்க. கேளு. உன் கம்பெனியில லோக்கல் லோடு குடுப்பாங்களா? குடுப்பாங்கள்ல. விடிகாலையில எடுத்தா ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சுடுமா? அதை எடு. புள்ள மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றான். நீ வீட்டுல இருக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னான். அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

"அவ எதுக்கு? அவ பதினோரு வயசுப் புள்ள. அவ படிக்கணும்... நானா? நான் வர மாட்டேன்... என்னடா புதுசா பேசறேன், ஆமா புதுசாத்தான் பேசறேன்."

மறுபடி அந்தப் பக்கம் குரல் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் இறங்கி. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குரலை மட்டும் இறக்கவில்லை.

"முடியுமான்னு நான் உன்கிட்ட கேக்கலடா. என்கிட்ட கேட்டுட்டா உன்னை என் இடுப்புல வெச்சாங்க?"